ஏழு ஏக்கர் உப்பு

குணநாயகம் சார் அந்த வருடத்தின் முதல் வரிக் கணக்கை அனுப்பிவைத்த மறுநாள் காலை, டொரன்டோவின் ஸ்காபரோவில், பவளக்கா வீட்டு பேஸ்மென்ட்டில், நான் வாடகைக்கு இருந்த அறைக்குள் கடல்நீர் வந்து நின்றது. ஒரு விரற்கடை ஆழம்தான், ஆனால் சுவருக்குச் சுவர் சமமாக, யாரோ மட்டம் பார்த்துப் பாய்ச்சியதுபோல நின்றது. வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்க, அந்த நீர் மட்டும் மாசி மாதத்து வேதாரண்யத்து வெயிலில் காய்ந்த நீராக வெதுவெதுவென்றிருந்தது. கட்டிலிலிருந்து காலை இறக்கியதும் கணுக்காலில் இருந்த கீறல் சுரீரென்று எரிந்தது, அதனால் குழாய் ஏதும் உடையவில்லை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

வேலைக்கு நேரமாகியிருந்தது. காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறிப் போனேன். மாலையில் திரும்பி வந்தபோது நீர் வற்றி, தரை முழுக்க வெள்ளை வெளேரென்று உப்பு பூத்திருந்தது. கட்டிலுக்கும் அலமாரிக்கும் அடுப்புக்கும் நடுவே விரல் உயரத்துக்கு வரப்பு எழும்பி, உப்பு பாத்தி பாத்தியாகப் பிரிந்திருந்தது. நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணாமலேயே ஏழு என்று தெரியும்.

முந்தைய வருடம் தை மாதத்தில் என் வேதநாயகி அத்தை இறந்துபோனாள். அப்பாவின் அக்கா. பதினான்கு வயதில் கூலிக்கு உப்பு வாரப் போனவள், கல்யாணம் என்று ஒன்று ஆகி ஆறே மாதத்தில் திரும்பி வந்தவள், அதன்பிறகு யார் வீட்டுக்கும் போகாமல், ஒரு ஏக்கர், பிறகு இன்னொரு ஏக்கர் என்று முப்பது வருடத்தில் ஏழு ஏக்கர் உப்பளம் வாங்கியவள், வாங்கிய பிறகும் கூலிப் பெண்களோடு பெண்ணாகப் பாத்தியில் இறங்கி வாருபலகையால் உப்பை இழுத்துக் குவித்தவள், அந்த உப்பை விற்றுத்தான் அப்பா இல்லாத எங்கள் வீட்டுக்கு அரிசி வாங்கினாள், என்னைத் திருச்சியில் கல்லூரிக்கும் பிறகு டொரன்டோவுக்கும் அனுப்பினாள், சாகும்போது ஏழு ஏக்கரையும் என் பேருக்கு எழுதிவைத்திருந்தாள். சாவுக்கு நான் போகவில்லை. விடுப்பு கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். விடுப்பு நான் கேட்கவே இல்லை.

குணநாயகம் சாரின் அலுவலகம் ஒரு கொத்துரொட்டிக் கடைக்கு மேலே இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பத்தைந்து வருடமான அவர், ஊர்ச்சனத்துக்கு வருடா வருடம் வரிக் கணக்கு அனுப்பிக் கொடுப்பவர். நான் அவருக்கு உதவியாள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் இணையத்தில் கணக்கு அனுப்பும் வழி திறந்ததும் நல்ல நேரம் பார்த்து, கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, புகை பட்டால் அலறும் கூரை மணியைப் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டுக் கற்பூரம் காட்டி, முதல் கணக்கை அனுப்புவார். அந்த முதல் கணக்கு சின்னதாக, எந்தக் கேள்வியிலும் இடறாததாக இருக்கவேண்டும் என்பது அவருடைய சம்பிரதாயம்.

"எல்லாத்துக்கும் இல்லை, இல்லை எண்டு வழுக்கிக்கொண்டு போகவேணும் பிள்ளை. அப்பதான் வருசமும் வழுக்கிக்கொண்டு போகும்" என்பார்.

அந்த வருடம் என் கணக்கைத் தேர்ந்தெடுத்தார். எனக்குக் கணவர் இல்லை, பிள்ளை இல்லை, வீடு இல்லை, கடன் இல்லை, என்னைவிட வழுக்கலான ஆள் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. அவர் அர்ச்சனை சொல்கிற குரலில் கேள்விகளை வாசித்தார். வரவேற்பிலிருக்கும் சாந்தினி லட்டுத் தட்டோடு நின்றாள். "வெளிநாட்டிலை லட்சம் டாலருக்கு மேலை சொத்து?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அவரே "இல்லை" என்று சொல்லி அழுத்தினார், எல்லோருக்கும் அப்படித்தான் அழுத்துவார், சாந்தினி கைதட்டிவிட்டு என் வாயில் லட்டை வைத்தாள்.

நான் பேசாமல் இருந்ததற்கு லட்டு காரணமில்லை. ஏழு ஏக்கரின் விலை அந்த லட்சத்தைத் தாண்டும், ஆனால் பரம்பரைச் சொத்து வந்ததற்காக இந்த நாட்டில் வரி கிடையாது, இருக்கிறது என்று சொன்னால் போதும், அதிலிருந்து வரும் குத்தகைப் பணத்துக்கு மட்டும் கொஞ்சம் வரி என்பது எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். 'சார், என் அத்தையோட உப்பளம் என் பேருக்கு வந்திருக்கு' என்ற வாக்கியத்தை ஆறு மாதமாகக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருந்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டாவது சொல்லைத் தாண்ட முடியவில்லை. என் கொள்ளுத்தாத்தா, வெள்ளைக்காரன் காலத்தில் வேதாரண்யத்துக் கடற்கரையில் தடையை மீறி உப்பு அள்ளி ஜெயிலுக்குப் போனவர் என்பதை வேலையில் சேர்ந்த முதல் வாரமே அலுவலகத்தில் சொல்லியிருந்தேன். அத்தை உப்பு அள்ளி எனக்குச் சோறு போட்டவள் என்பதைச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் துணி துவைக்கக் கீழே இறங்கிய பவளக்கா, நான் உப்பைக் கூட்டிக் குப்பைப் பையில் போடுவதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன பிள்ளை இது?"

"உப்புக்கா."

"உப்பெண்டு தெரியுது. எத்தினை நாளா?"

"மூணு நாளா."

அவள் குனிந்து ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கண்ணைத் திறந்து, "இதைப் போய்க் குப்பையிலை போடுறியே? மேலை படியெல்லாம் ஐஸ். போன கிழமை தபால்காரன் குப்புற விழுந்து எழும்பினவன். அந்த வாளியை எடு" என்றாள்.

அந்தக் குளிர்காலத்தில் நகரம் முழுக்க உப்புக்குத் தட்டுப்பாடு. படிகளிலும் நடைபாதையிலும் ஐஸ் கரையத் தூவுகிற மூட்டை உப்பு எந்தக் கடையிலும் இல்லை. பவளக்கா எங்கள் படியில் தூவிய ஒரு வாளி உப்பில், கீழே சிமெண்டு தெரிகிற அளவுக்கு ஐஸ் கரைந்து ஓடியது. அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ஜமேக்காக்காரர் ஒரு பாத்திரத்தோடு வந்தார், அவரைப் பார்த்து எதிர்வீட்டு நர்ஸம்மா வந்தாள், அவளைப் பார்த்துத் தெருவே வந்தது. வந்தவர்கள் படியிறங்கி, என் கதவுக்கு வெளியே காலணிகளைக் கழற்றிவைத்துவிட்டு, பாத்தியோரமாக நின்று, தரையிலிருந்து உப்பு விளைகிற அறையைப் பார்த்து, "வாடகை எவ்வளவு?" என்று கேட்டார்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

ஒரு வாரத்துக்குள் அது தெருவின் வழக்கமாகிவிட்டது. காலையில் நீர் வரும், மாலைக்குள் உப்பு பூக்கும், நான் வேலையிலிருந்து வந்து பனி தள்ளும் பலகையால் அதை இழுத்துக் குவிப்பேன். அந்தப் பலகை நீளக் காம்போடு அத்தையின் வாருபலகையைப் போலவே இருந்தது, அதைப் பிடிக்கும்போது என் கைகள் யாரும் சொல்லித்தராமலே சரியான இடத்தில் பிடித்தன. பவளக்கா தன் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டி, எந்த நாள் எந்த வீடு என்று எழுதிவைத்தாள். பெண்கள் படியில் தூவ வாங்கிப்போன உப்பில் ஒரு பிடியை ஒதுக்கி மீன்குழம்புக்குப் போட்டுப் பார்த்தார்கள், மறுநாள் குழம்புக்கென்றே தனிப் போத்தலோடு வந்தார்கள். கோயில் வேன் வந்து இரண்டு மூட்டை ஏற்றிப் போனது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்காரர்களும் வந்தார்கள். தெருவில் ஒருவரையொருவர் பார்த்தால், குளிர் எப்படி என்று கேட்பதை விட்டுவிட்டு, "இண்டைக்கு உப்பு நல்லா விளைஞ்சதோ?" என்று கேட்டுக்கொண்டார்கள்.

எனக்கு நன்றி சொன்னார்கள். அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. ஒருத்தி பருத்தித்துறை வடை கொண்டுவந்தாள், ஒருத்தி தன் கையால் பின்னிய கையுறை தந்தாள், ஒரு கிழவர் என் தலையில் கைவைத்து, "இந்தப் பிள்ளையின்ரை கை ராசியான கை" என்றார். நான் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன்.

அவர்களேதான் பகலில் அலுவலகத்துக்கும் வந்தார்கள். காலணி விளிம்புகளில் என் உப்பு வெள்ளைக்கோடாகப் படிந்திருக்க, என் எதிரே உட்கார்ந்து கணக்குக் காகிதங்களை நீட்டினார்கள். நான் கேள்விகளை வாசித்தேன். சொத்துக் கேள்வி வந்ததும் என் விரல் சாரின் விரலைப் போலவே, அவர்கள் வாயைத் திறப்பதற்குமுன் போய் அழுத்தியது. சின்னராசா என்கிற முன்னாள் தபாலதிபர் மட்டும் ஒருநாள், "பொறுங்கோ தங்கச்சி, அதென்ன கேள்வி?" என்று கேட்டார்.

வாசித்துக் காட்டினேன்.

"ஊரிலை காணி என்ரை பேரிலைதான் இருக்கு. வீட்டுக்குள்ளை ஆமி காம்ப் இருக்கு. நான் போய்ப் பாத்து முப்பது வருசம். அப்ப எனக்குச் சொத்து இருக்கோ இல்லையோ? நீங்கள் படிச்ச பிள்ளை, நீங்கள் சொல்லுங்கோ."

பின்னாலிருந்து குணநாயகம் சார், "இல்லை எண்டு போடு பிள்ளை" என்றார். போட்டேன். சின்னராசா தன் தொப்பியை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையில் வைத்துக்கொண்டு போனார்.

பங்குனி பிறந்தபோது பவளக்கா வீட்டுச் சமையலறைக் கதவு சாத்த மறுத்தது. பிறகு சாமிப்படங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. அவள் அவற்றைத் தினமும் நிமிர்த்திவைத்தாள், தினமும் அவை சாய்ந்தன. கடைசியில் வீடு திருத்தும் யோகநாதனைக் கூட்டிவந்தாள். அவர் என் அறைக்குள் இறங்கி, நடுவில் வீட்டையே தாங்கி நிற்கும் இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் குந்தி, அடிப்பாகத்தில் ஸ்பேனரால் தட்டினார். வெள்ளைப் பெயின்ட் உடைந்து, துரு அப்பளம் அப்பளமாக உப்பின்மேல் உதிர்ந்தது.

"அக்கா, இந்தத் தூண் சித்திரை முடியுமட்டும் நிண்டால் பெரிய காரியம். உப்பை நிப்பாட்டுங்கோ. உப்பு நிக்காமல் புதுத் தூண் போட்டும் பிரயோசனமில்லை, அதையும் திண்டிடும். பிறகு வீடு கீழை வந்திடும்."

அந்த வீட்டைப் பவளக்கா, விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் ஆலையில் இருபத்திரண்டு வருடம் நின்றுகொண்டே வேலை செய்து வாங்கினாள். புருஷன் போன பிறகும் நின்றாள். உட்காரும்போது அவள் முழங்கால்கள் எழுப்பும் சத்தம் எனக்குக் கீழே கேட்கும். யோகநாதன் போனதும் அவள் என்னைத் திட்டுவாள், அறையைக் காலி பண்ணச் சொல்வாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவள் படியில் உட்கார்ந்து தன் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே, "நீ யோசிக்காதை பிள்ளை. இதிலை உன்ரை பிழை ஒண்டும் இல்லை" என்றாள்.

நான் பேசாமல் நின்றேன். அன்றைக்கு என் வாயில் லட்டுகூட இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோசலக்கா போனில் வந்தாள். அத்தையோடு இருபத்தெட்டு வருடம் ஒரே பாத்தியில் வாரியவள்; அத்தைக்குப்பின் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து, பதினொரு பெண்களை வைத்து நடத்துகிறவள். மாதாமாதம் என் வங்கிக் கணக்கில் பணம் போட்டுவிட்டு, "போட்டாச்சு தேனு" என்று ஒரு வரி சொல்லி வைத்துவிடுவாள். அன்றைக்கு வைக்கவில்லை.

"தேன்மொழி, இந்த மாசம் பணம் வராது."

"பரவால்லக்கா."

"உனக்குப் பரவால்ல. இங்க பதினோரு பேரு அடுப்பு எரியல. நல்லா வெயில் அடிக்குது. தண்ணி பாச்சுறோம், வத்துது. வத்துனா அடியில ஒண்ணும் இல்ல, வெறும் சேறு. பக்கத்து அளத்துல எல்லாம் குவியல் குவியலா கெடக்குது, நம்ம ஏழு ஏக்கர்ல மட்டும் ஒரு கல்லு பூக்கல. மாசிலேருந்து இப்புடித்தான். எங்க போவுது உப்பு?"

நான் தரையைப் பார்த்தேன். காலைநீர் ஓரங்களில் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

"இங்க வருதுக்கா" என்றேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. "அங்க எதுக்கு வருது?"

"இங்க ஒரு கேள்வி கேட்டாங்க. ஊர்ல சொத்து இருக்கான்னு. நான்…"

"இல்லன்னுட்டியா?"

"அவங்களே போட்டுட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல."

"சொன்னா புடுங்கிக்குவாங்களா?"

"இல்லக்கா."

"ஜெயில்ல போடுவாங்களா?"

"இல்ல."

"பின்ன?"

பின்ன என்பதற்கு என்னிடம் பதில் இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

திருச்சியில் கல்லூரி இரண்டாம் வருடம், தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள், அத்தை முதல் பஸ் பிடித்து விடுதி வாசலுக்கு வந்து நின்றாள். பாத்தியிலிருந்து நேரே வந்திருந்தாள். சேலைக் கரை உப்பேறி விறைத்து, நடந்தால் காகிதம்போலச் சத்தம் போட்டது. பாதங்கள் வெடித்து, வெடிப்புகள் வெள்ளையாக இருந்தன. என்னோடு நந்திதா இருந்தாள், அவள் அப்பா வங்கி மேலாளர், என்னைச் சமமாக நடத்திய ஒரே தோழி. "சொந்தக்காரங்களா?" என்று கேட்டாள். நான் "இல்ல, ஊர்ல தெரிஞ்சவங்க" என்றேன். அத்தை கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நந்திதாவைப் பார்த்துச் சிரித்து, "ஆமாம்மா, தெரிஞ்சவதான்" என்றாள். பணம் இருந்த மஞ்சள் பையை என் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி நடந்தாள். அந்தச் சேலைச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. அதன்பிறகு பணத்தை வங்கியில்தான் போட்டாள். அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும்தான்.

"பின்ன?" என்று கோசலக்கா மறுபடி கேட்டாள்.

"யார் குடுத்தாங்கன்னு கேப்பாங்க. அத்தைன்னு சொல்லணும்" என்றேன்.

விடுதி வாசலில் நடந்தது கோசலக்காவுக்குத் தெரிந்திருந்தது. அத்தை அன்று இரவே அவளிடம் சொல்லியிருக்கவேண்டும், அல்லது சொல்லாமலே முகத்தில் பார்த்திருக்கவேண்டும்.

"ஏண்டி, நீ சோத்துல உப்பு போட்டுத்தான திங்கிற?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. அலுவலகத்தில் நாற்காலிகள் எல்லாம் நிறைந்து, சுவரோரமாகவும் நின்றார்கள். நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் சாரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சார், என் கணக்கைத் திருத்தணும்."

"என்ன பிழை? நான்தானே போட்டனான்."

"ஒரு கேள்வி."

அவர் என் முகத்தைப் பார்த்தார், என் காலணியைப் பார்த்தார், எழுந்து என்னை, டீக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தில் இருக்கும் பின்னறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். அவருக்கும் பவளக்கா வீட்டு உப்பு வாரம் ஒரு வாளி போய்க்கொண்டிருந்தது.

"தெரியும் பிள்ளை. ரெண்டாவது வாளியிலையே எனக்கு விளங்கிட்டுது. ஆனால் பார், அறுநூறு பேருக்கு நான் இல்லை எண்டு போட்டிருக்கிறன். கேட்டுப் போட்டனானோ? ஒருத்தரையும் கேக்கேல்லை. நீ ஒருத்தி இருக்கெண்டால், மற்ற அறுநூறையும் கிளறமாட்டாங்களோ? எனக்கு வயது அறுபத்தெட்டு. இந்த லைசென்ஸை விட்டால் எனக்கு வேறை என்ன தெரியும்?"

"பவளக்கா வீடு விழுந்துடும் சார்."

அவர் கேத்திலைத் தட்டிப் போட்டுவிட்டு அது கொதிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ரை பூட்டன் உப்புக்கு வரி கட்டமாட்டன் எண்டு மறியலுக்குப் போன மனிசன். நீ உப்புக்கு வரி கட்டப்போறன் எண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறாய். நல்ல பரம்பரையடா இது" என்றார். சிரிக்க முயன்றார், வரவில்லை. "ஆரின்ரை காணி?"

"வெளியில சொல்றேன் சார். எல்லார் முன்னாடியும் கேளுங்க. அன்னைக்குக் கேட்ட மாதிரியே கேளுங்க."

எனக்கு நாலு பேர் இருக்கும் இடத்தில் டீ வேண்டுமென்று கேட்கக்கூடக் கூச்சம். அன்று எப்படி அதைச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவர் கேத்திலை அணைத்துவிட்டு வெளியே வந்து, கணினி முன்னால் உட்கார்ந்து, என் கணக்கைத் திறந்து, அர்ச்சனைக் குரலில், ஆனால் கொஞ்சம் கரகரத்துப்போன குரலில், முதல் கேள்வியிலிருந்து வாசித்தார். காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கணவர் இல்லை. பிள்ளை இல்லை. வீடு இல்லை.

"வெளிநாட்டிலை லட்சம் டாலருக்கு மேலை சொத்து?"

விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் பார்த்த அத்தனை கணக்கிலும் அவர் காத்திருந்தது அந்த ஒருமுறைதான்.

"இருக்கு" என்றேன்.

"என்ன சொத்து?"

"உப்பளம். ஏழு ஏக்கர்."

"எப்பிடி வந்தது?"

"என் அத்தை குடுத்தாங்க. பேரு வேதநாயகி." அதோடு நிறுத்தியிருக்கலாம், படிவத்துக்கு அது போதும். "உப்பு வாருறவங்க. சொந்த அத்தை. அவங்கதான் என்னைப் படிக்க வச்சாங்க. அவங்க வாசலுக்கு வந்து நின்னப்ப நான் சொந்தம் இல்லன்னு சொல்லிட்டேன்."

சாந்தினி லட்டு கொடுத்த அன்றைக்கு நின்ற அதே இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்குக் காது இரண்டும் எரிந்தன, முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சார் தட்டச்சு செய்தார். குத்தகைப் பணத்துக்கு வந்த வரியைக் கணினி காட்டியது. ஒரு ஜோடி குளிர்காலக் காலணியின் விலையைவிடக் குறைவு. தவணை இன்னும் முடியாததால் அபராதமும் இல்லை. அந்தத் தொகையைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது, அவ்வளவு சின்னதாக இருந்தது.

சுவரோரமாக நின்றிருந்த சின்னராசா தொப்பியைக் கழற்றினார்.

"குணம், என்ரை கணக்கையும் ஒருக்கா எடும்."

"உமக்கென்ன இப்ப?"

"அந்தக் கேள்வியை என்னட்டையும் கேளும். ஆமி இருந்தால் என்ன, இருக்கெண்டு ஒருக்கால் சொல்லிப் பாப்பம்."

குணநாயகம் சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நாற்காலிகளில் மூன்று நான்கு பேர் தங்கள் காகிதங்களை மடியில் திரும்பவும் பிரிப்பதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். "சரி, இந்த வருசம் வழுக்காது" என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

மறுநாள் காலை என் தரை காய்ந்து கிடந்தது. வரப்புகள் இருந்த இடத்தில் வெள்ளைக்கோடுகள் மட்டும் இருந்தன. மாலையில் வாளிகளோடு இறங்கி வந்தவர்களைப் பவளக்கா படியிலேயே மறித்து, "முடிஞ்சுது. போங்கோ" என்றாள். அந்த வாரமே ஒரு கடைசிப் பனிமழை பெய்து தெரு கண்ணாடியாக உறைந்தது. ஜமேக்காக்காரர் கைத்தடியோடு நடந்தார். கையுறை பின்னித் தந்தவள் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டாள், என்னைப் பார்த்து, "நல்ல உப்பு. இப்பிடிச் செய்துபோட்டியே பிள்ளை" என்றாள். கோயில் வேன்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். தலையில் கைவைத்த கிழவர் தெருவின் மறுபக்கமாகப் போனார்.

சித்திரை பிறப்பதற்குமுன் யோகநாதன் புதுத் தூண் வைத்தார். அதற்கான பணம் அதுவரை சேர்ந்திருந்த குத்தகைப் பணம். பவளக்கா வேண்டாம் என்றாள், நான் அவள் காலடியில் வைத்துவிட்டு வந்தேன். சமையலறைக் கதவு சாத்துகிறது. சாமிகள் நேராக நிற்கிறார்கள்.

கோசலக்கா போன் பண்ணவில்லை. ஒரு படம் மட்டும் அனுப்பினாள். ஏழு பாத்தியிலும் உப்பு, கரையோரமாகப் பதினொரு பெண்கள், ஒரு ஓரத்தில் யாரும் பிடிக்காமல் வரப்பில் சாய்த்துவைத்த ஒரு வாருபலகை. அதன் காம்பில் கைபட்டுக் கறுத்த இடம் எனக்குத் தெரியும்.

ஆனாலும் முழுக்க நிற்கவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் என் கட்டில் காலடியில், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, வெதுவெதுவென்று கொஞ்சம் நீர் வந்து நிற்கிறது. மதியத்துக்குள் வற்றி ஒரு சிட்டிகை உப்பாகிறது. இதையும் மறைக்கக்கூடாது என்று நான் அன்றே மேலே போய்ப் பவளக்காவிடம் சொன்னேன். அவள் இறங்கி வந்து, முழங்கால் சத்தம்போட மெதுவாகக் குனிந்து பார்த்தாள். தூணுக்கும் அதற்கும் உள்ள தூரத்தைக் கையால் அளந்தாள். எப்போதும்போல ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைக்கப் போனவள், நிறுத்தி, அதை அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

"இது தெருவுக்கில்லை. இது உன்ரை" என்றாள்.

வேலை முடிந்து வந்து சோறு வடித்ததும், கடையில் வாங்கிய உப்பை நான் தொடுவதில்லை. கட்டிலருகே குனிந்து அந்தச் சிட்டிகையை வழித்தெடுத்து, சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிடுகிறேன். ஒரு சிட்டிகைதான். ஆனாலும் ஒவ்வொரு நாளும் கரிக்கிறது.